தகுதி வழக்கு

நன்னூலில் ‘தகுதி வழக்கு’ என்று ஒரு பகுப்பு உண்டு. தமிழ் எம்.ஏ. படித்த எவருக்கும் மனப்பாடமாக இருக்கும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்று. அவையில் சொல்லக் கூசுகிற சொல்லை மறைத்து வேறொன்றால் சொல்வது இடக்கரடக்கல். அமங்கலமானதை மங்கலமாக மாற்றிச் சொல்வது மங்கலம். சுடுகாட்டை ‘நன்காடு’ என்பதுபோல. ஒரு கூட்டத்தார் பிறருக்கு விளங்காதபடி தமக்குள் வழங்கிக்கொள்வது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதுபோல. இந்த எடுத்துக்காட்டுகளைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் யாரும், நன்காட்டில் குழி வெட்டுகிறவனுக்கு ஏன் ஒரு மங்கலச் சொல் கிடைக்கவில்லை என்று கேட்டதில்லை. சுடுகாட்டுக்குப் பேர் மாறியது. வெட்டியான் வெட்டியானாகவே இருந்தான்.

இந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு நான் இங்கே வாசிக்கப்போவது கவிதையையோ நாவலையோ அல்ல. உயர் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளியிடுகிற ஆய்வுப்பணி அறிவிப்புகளை. குறிப்பாக, முனைவர் பட்டம் முடித்தவர்களை ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு என்று தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும் ‘போஸ்ட்டாக்’ அறிவிப்புகளை. இலக்கியப் பத்திரிகையில் இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு கவிதைத் தொகுப்பை நூறு பேர் வாசிக்கிறார்கள், அதற்கு நாலு மதிப்புரை வருகிறது. ஒரு வேலை அறிவிப்பை ஆயிரம் பேர் வாசிக்கிறார்கள், வரிவரியாக, பென்சிலால் அடிக்கோடிட்டு. அதற்கு மதிப்புரை எழுதுவார் இல்லை. அதிகாரம் தன் கைப்பட எழுதும் பிரதி அது. அதில் எந்தச் சொல் எதை மறைக்கிறது என்று பார்ப்பது இலக்கிய விமர்சனத்தின் வேலை இல்லையென்றால் வேறு யாருடைய வேலை?

முதலில் இந்த போஸ்ட்டாக் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம்ம பசங்களிலேயே பலருக்கு அப்படி ஒரு படி இருப்பது தெரியாது. பி.எச்டி. முடிந்தால் வாத்தியார் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் அப்படி இல்லை. ஐ.ஐ.டி.யில் முதல்நிலை உதவிப் பேராசிரியராக வேண்டுமானால் முனைவர் பட்டம், அதற்கு முந்தைய பட்டத்தில் முதல் வகுப்பு, பள்ளியிலிருந்தே மிக நல்ல மதிப்பெண் என்பதோடு, மூன்றாண்டு அனுபவமும் வேண்டும். முனைவர் பட்டத்துக்காகச் செலவழித்த காலம் இந்த மூன்றாண்டில் சேராது. அப்படியானால் அந்த மூன்றாண்டு எங்கிருந்து வரும்? பெரும்பாலும் போஸ்ட்டாக்கிலிருந்துதான். ஆக, இது இடையில் ஒதுங்கும் திண்ணையல்ல. உள்வீட்டுக்குப் போகும் வாசல்.

இந்த வாசலில் இடஒதுக்கீடு இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

*

மங்கலத்திலிருந்து தொடங்குவோம்.

அறிவிப்பில் வரும் முதல் மங்கலச் சொல் ‘ஃபெலோ’. வேலைக்காரர் இல்லை, ஊழியர் இல்லை, ஃபெலோ. கொடுப்பது சம்பளம் இல்லை, நல்கை. ஆய்வகத்தில் காலை ஒன்பதுக்கு நுழைந்து இரவு பத்துக்கு வெளியே வருகிறவர், கருவிகளைப் பராமரிப்பவர், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர், பேராசிரியரின் பேரில் வரப்போகும் கட்டுரையை எழுதுகிறவர் ஊழியர் இல்லையாம். கேட்பதற்கு எவ்வளவு மரியாதையாக இருக்கிறது!

இந்த மரியாதைக்கு ஒரு விலை உண்டு. மத்திய அரசுப் பணியிடங்களில் 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. இடஒதுக்கீடு பின்பற்றப்பட வேண்டும் என்று அரசின் ஆணை இருக்கிறது. 1968-லேயே வந்த ஆணை இது. யாரும் மதிக்காததால் 2018-லும் 2022-லும் மறுபடி எடுத்துச் சொன்னார்கள். தற்காலிகப் பணிகளில் இடஒதுக்கீடு பின்பற்றப்படுவதில்லை என்று உச்ச நீதிமன்றம்வரை வழக்கு போனபோது, 2023 அக்டோபரில் அரசுத் தரப்பு இந்த ஆணையைத்தான் காட்டியது. நாற்பத்தைந்து நாள் நாற்காலியில் உட்காருகிற தட்டச்சருக்கும் இடஒதுக்கீடு உண்டு. மூன்றாண்டு ஆய்வகத்தில் உழைப்பவருக்கு? அவர்தான் ஃபெலோ ஆயிற்றே! அது ‘பணியிடம்’ இல்லையே! பெயர் மாறினால் ஆணை ஒட்டாது. சுடுகாடு நன்காடானதுபோல, வேலை நல்கையாகிறது. ஒதுக்கீட்டு ஆணை வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இன்னொரு மங்கலம் ‘தளர்வு’. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு வயதில் தளர்வு உண்டு என்று சில அறிவிப்புகளில் ஒரு வரி இருக்கும். பலவற்றில் அதுவும் இராது. தேசிய அளவில் அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியம் நடத்திவந்த மேலாய்வு நல்கைத் திட்டத்தில் வயது வரம்பு 35. நமக்கும் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 ஆண்டு தளர்வு. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தளர்வு என்பது கதவை இன்னும் கொஞ்ச நேரம் திறந்து வைத்திருப்பது. ஒதுக்கீடு என்பது உள்ளே ஒரு பாய் போட்டு வைப்பது. இரண்டும் ஒன்றல்ல. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறக்கச் செய்வது பழைய தந்திரம்.

ஒதுக்க முடியாது என்பதும் இல்லை. எஸ்.சி., எஸ்.டி. முனைவர்களுக்கென்றே ஆண்டுக்கு 100 மேலாய்வு நல்கைகள் என்ற திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு நடத்தியிருக்கிறது. மனமிருந்தால் எண்ணிக்கையும் வரும்.

*

அடுத்தது குழூஉக்குறி.

‘புகழ்பெற்ற நிறுவனத்தில் முனைவர் பட்டம்.’ ‘தொடர்ந்து சிறப்பான கல்விப் பின்னணி.’ ‘உயர்தர ஆய்விதழ்களில் கட்டுரைகள்.’ ‘வலுவான பரிந்துரைக் கடிதங்கள்.’ அறிவிப்புக்கு அறிவிப்பு திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் இவை. பார்க்கப் பொதுச் சொல்லாகத் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் அவற்றின் பொருள் தெரியும்.

எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், வேதியியலில் முனைவர். அப்பாவும் அம்மாவும் மல்லாட்டைக் கொல்லையில் கூலிக்குப் போனவர்கள். வீட்டில் முதல் பட்டதாரி, அந்தத் தெருவில் முதல் முனைவர். ஜெராக்ஸ் கடையில் ஒரு அறிவிப்பை அச்செடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

“அண்ணா, ‘ரிப்யூட்டட் இன்ஸ்டிட்யூட்’னு போட்டுக்கிறானே, நம்ம யுனிவர்சிட்டி அதுல வருமா, வராதா?”

“போட்டவனத்தான் கேக்கணும்.”

“கேட்டு மெயில் போட்டேண்ணா. பதிலே வர்ல.”

பதில் வராததுதான் பதில். எந்த நிறுவனம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவை யோக்கியம் என்றாகிவிடும். இவனுடைய வழி என்ன என்று பாருங்கள். ஒன்றியப் பள்ளி, அரசு மேல்நிலைப் பள்ளி, திருவண்ணாமலைக்கு பஸ்ஸில் போய்ப் படித்த பட்டம், மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு. ஒவ்வொரு படியும் அவனுடைய குடும்பத்துக்கு மலையேற்றம். அறிவிப்பின் மொழியில் அந்த நாலு படியும் ‘புகழ்பெற்ற’ என்ற ஒரே அடைமொழியில் அடிபட்டுப் போகிறது. புகழ் யாருக்கு இருக்கிறது, யார் கொடுத்தது, எந்த ஆண்டில் கொடுத்தது? பட்டியல் கிடையாது. பட்டியல் இருந்தால் எதிர்த்து வழக்குப் போடலாம். அடைமொழியை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

‘தொடர்ந்து சிறப்பான’ என்பதும் அப்படித்தான். பத்தாம் வகுப்பில் அவன் வாங்கிய மதிப்பெண்ணை இருபது ஆண்டு கழித்து எடுத்துப் பார்க்கிறார்கள். கணக்கு வாத்தியார் பணியிடம் காலியாகக் கிடந்த வருஷத்தின் மதிப்பெண் அது. அந்த வருஷத்தைத் தாண்டி வந்ததல்லவா அவனுடைய தகுதி? தாண்டிய தூரத்தை அளக்கக் கோல் இல்லை. நின்ற இடத்தை மட்டும் அளக்கிறார்கள்.

சரி, புகழ்பெற்ற நிறுவனத்திலேயே படித்துவிட்டால்? நம்மில் ஒருவர் படித்தார். கொலம்பியாவிலும் இலண்டனிலும் படித்துவிட்டு 1917-இல் பரோடா அரசுப் பணிக்குப் போனார் அம்பேத்கர். தங்க வீடில்லை. பார்சி விடுதி ஒன்றில் அடையாளத்தை மறைத்துத் தங்கியவரைப் பதினோராம் நாள் தடியோடு வந்து விரட்டினார்கள். கொலம்பியாவைவிடப் புகழ்பெற்ற நிறுவனம் வேண்டுமா? ஆக, புகழ் என்பது நிறுவனத்தின் குணமாகச் சொல்லப்பட்டாலும், யார் சுமந்து வருகிறார்கள் என்பதைப் பொறுத்து அது செல்லும், அல்லது செல்லாது. அதனால்தான் அதைக் குழூஉக்குறி என்கிறேன்.

*

இனி இடக்கரடக்கல். அவையில் சொல்லக் கூடாத சொல். இந்த அவையில் அது சாதி.

அறிவிப்பு முழுவதையும் தேடிப் பாருங்கள், சாதி என்ற சொல் இராது. ‘அறிவியலில் ஏது சாதி?’ என்பார்கள். சென்னை ஐ.ஐ.டி.யை எடுத்துக்கொள்வோம். 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு, கிண்டிக் காட்டில், 600 ஏக்கருக்கு மேற்பட்ட பொது நிலத்தில் தொடங்கப்பட்டது. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு ஐ.ஐ.டி.க்களில் இடஒதுக்கீடு வந்தது 1973-இல். இதர பிற்பட்டோருக்கு 2008-இல். அதுவரை சாதியில்லாமலா இருந்தது? ஒரே சாதியாக இருந்ததால் அதற்குப் பேர் தேவைப்படவில்லை. அஜந்தா சுப்பிரமணியன் 2019-இல் வெளியிட்ட ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ என்ற ஆய்வு நூல் இந்தச் சென்னை ஐ.ஐ.டி.யை மையமாக வைத்தே எழுதப்பட்டது. பரம்பரைச் சொத்தாக வந்த கல்வி எப்படித் தனிமனிதத் திறமையாகத் தோற்றம் கொள்கிறது என்பதை அது விரிவாகக் காட்டுகிறது. அதே வளாகத்துக்குள் கணிதப் பேராசிரியராக இருந்துகொண்டே இடஒதுக்கீட்டுக்காகப் போராடியவர் வசந்தா கந்தசாமி. அவருக்கு 2006-இல் தமிழக அரசு துணிவுக்கான கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. யோசித்துப் பாருங்கள். கணக்குப் பேராசிரியருக்குக் கணக்குக்காக அல்ல, துணிவுக்காக விருது கொடுக்க வேண்டியிருக்கிறது.

2021 ஜூலையில் அங்கே மானுடவியல், சமூக அறிவியல் துறையின் உதவிப் பேராசிரியர் ஒருவர், சாதிப் பாகுபாடே காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகினார். நிரந்தர வேலையில் இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், ஓராண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர் வாய் திறப்பாரா? ஒப்பந்தம் நீள்வதும் நீளாததும் ஒரே ஒரு பேராசிரியரின் கையில். அடுத்த வேலைக்கான பரிந்துரைக் கடிதமும் அவர் கையில். பண்ணையார்கூட இத்தனை அதிகாரத்தை ஒரு கையில் வைத்திருந்ததில்லை. கூலிக்காரன் அடுத்த ஊர்ப் பண்ணைக்குப் போகும்போது இந்தப் பண்ணையாரிடம் நற்சான்று கேட்க வேண்டியதில்லை.

அறிவிப்பின் வினைச்சொற்களையும் கவனிக்க வேண்டும். ‘தகுதியானவர்கள் மட்டும் அழைக்கப்படுவார்கள்.’ ‘விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படலாம்.’ ‘அளவுகோல் உயர்த்தப்படலாம்.’ எல்லாம் செயப்பாட்டு வினை. அழைப்பது யார், நிராகரிப்பது யார், அளவுகோலை உயர்த்துவது யார்? தோன்றா எழுவாய். இலக்கணத்தில் தோன்றா எழுவாயைக் கண்டுபிடிக்க வினைமுற்றைப் பார் என்பார்கள். இங்கே வினைமுற்றைப் பார்த்தாலும் ஆள் தெரியாது. முடிவைப் பார்த்தால்தான் தெரியும்.

நேர்காணல் என்பது இந்த எழுவாய் நேரில் தோன்றும் இடம். ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் நேர்முகத் தேர்வு மதிப்பெண்ணையும் ஒப்பிட்ட அப்துல் நஃபே குழு, ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்களின் நேர்முக மதிப்பெண் தொடர்ந்து இறங்குவதை 2016-இல் சுட்டிக்காட்டியது. ஆய்வுச் சேர்க்கையிலும் வாய்மொழித் தேர்விலும் சமத்துவம் இல்லை என்று எழுதிவிட்டு 2017 மார்ச்சில் இறந்துபோனார் அங்கே ஆய்வு மாணவராக இருந்த சேலத்து முத்துக்கிருஷ்ணன். அங்கேயாவது எழுத்துத் தேர்வு என்று ஒன்று இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் இருந்தது. போஸ்ட்டாக்கில் பெரும்பாலும் எழுத்துத் தேர்வே இல்லை. பேராசிரியருக்குத் தன்குறிப்பை அனுப்பு, அவருக்குப் பிடித்தால் பேசுவார். ஒப்பிட எதுவும் இல்லாத இடத்தில் பாகுபாட்டை எப்படி நிரூபிப்பது?

*

இதுவரை சொல்லைப் பார்த்தோம். எண்ணையும் பார்க்க வேண்டும். அறிவிப்பில் ‘பணியிடங்களின் எண்ணிக்கை’ என்ற இடத்தில் பெரும்பாலும் இருப்பது ‘ஒன்று’. இந்த ஒன்றில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரே ஒரு பதவி மட்டும் உள்ள பிரிவில் இடஒதுக்கீடு செய்ய முடியாது என்று 1998-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. சண்டிகர் முதுநிலை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் தொடர்பான வழக்கு அது. பேராசிரியர் ‘அ’வின் திட்டத்துக்கு ஒருவர், ‘ஆ’வின் திட்டத்துக்கு ஒருவர் என்று ஆண்டு முழுவதும் ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டே போனால், கூட்டினால் நூறு பேர் சேர்ந்திருப்பார்கள். ஆனால் எந்த நேரத்திலும் அறிவிப்பில் இருந்தது ஒன்றுதான். சுழற்சிப் பட்டியல் முதல் எண்ணிலேயே நின்றுகொண்டிருக்கும், சுழலாது.

அலகைச் சிறிதாக்கினால் ஒதுக்கீடு ஆவியாகும் என்பதை நாம் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறோம். ஆசிரியர் நியமனத்தில் பல்கலைக்கழகத்தை அலகாகக் கொள்ளக் கூடாது, துறையைத்தான் கொள்ள வேண்டும் என்று 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. பதின்மூன்று புள்ளிப் பட்டியலில் தலித்துக்கு ஏழாவது இடம், பழங்குடியினருக்குப் பதினான்காவது. ஆறு பேர் உள்ள துறையில் ஒரு தலித்கூட வர வேண்டியதில்லை. பழங்குடியினருக்குப் பதின்மூன்றிலும் இடமில்லை. நாடு முழுக்கப் போராட்டம் நடந்தது. 2019 மார்ச்சில் அவசரச் சட்டமும் ஜூலையில் நிரந்தரச் சட்டமும் வந்து, முழு நிறுவனமே அலகு என்றாயிற்று.

தெருவில் இறங்கி வென்ற வெற்றி அது. ஆனால் அந்தச் சட்டம் ஆசிரியர் பதவிக்கு மட்டும். அதற்கு முந்தைய படியான போஸ்ட்டாக்கில் அலகு துறைகூட இல்லை, ஒரு பேராசிரியரின் ஒரு திட்டம். பதின்மூன்று புள்ளிக்கே கொதித்தவர்கள் இந்த ஒற்றைப் புள்ளிக்கு அமைதியாக இருக்கிறோம்.

திட்டப் பணம் வெளியிலிருந்து வருகிறது, அதனால் ஒதுக்கீடு பொருந்தாது என்று ஒரு வாதம் உண்டு. வெளி என்றால் எது? பெரும்பகுதி மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை, பாதுகாப்பு ஆராய்ச்சி, விண்வெளி ஆராய்ச்சி. எல்லாம் பொதுப்பணம். கீழ்பென்னாத்தூரில் தீப்பெட்டி வாங்குகிறவளும் வரி கட்டுகிறாள்.

*

இப்போது சங்கிலியை முழுதாகப் பிடித்துப் பார்க்கலாம்.

2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.க்களில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்கள் 25,007 பேர். அதில் எஸ்.சி. 9.1 விழுக்காடு, எஸ்.டி. 2.1 விழுக்காடு. இருக்க வேண்டியது 15, 7.5. நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு இது. ஒதுக்கீடு உள்ள படியிலேயே இவ்வளவு கசிவு. அடுத்த படியான போஸ்ட்டாக்கில் எத்தனை பேர் என்று எந்த அறிவிப்பிலும் எண் வருவதில்லை. கிண்டிக் காட்டில் வெளிமான்களைக்கூட எண்ணுகிறார்கள். அதற்கடுத்த படியான ஆசிரியர் பதவி: 2019 தொடக்கத்தில் வெளியான அரசுக் கணக்கின்படி 23 ஐ.ஐ.டி.க்களில் மொத்த ஆசிரியர்கள் 6,043. அதில் எஸ்.சி. 149, எஸ்.டி. 21. சேர்த்தால் 170. இருபத்திரண்டரை விழுக்காடு என்றால் ஏறக்குறைய 1,360 பேர் இருந்திருக்க வேண்டும்.

காலிப் பணியிடங்களை ஓராண்டுக்குள் இயக்கமாக நிரப்புங்கள் என்று 2021-இல் கல்வி அமைச்சகம் காலக்கெடு வைத்தது, 2022 செப்டம்பர்வரை. அப்போதும் பல இடங்களிலிருந்து வந்த பதில் பழைய பதில்தான்: தகுதியானவர் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைப்பார்கள்? மூன்றாண்டு அனுபவம் வேண்டும் என்கிறீர்கள். அந்த அனுபவம் கிடைக்கும் இடத்தில் ஒதுக்கீடு இல்லாமல் வைத்திருக்கிறீர்கள். கிணற்றைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இவனுக்கு நீர் இறைத்த பழக்கம் இல்லை என்று தீர்ப்புச் சொல்கிறீர்கள்.

இதோடு நிற்கவில்லை. ‘கிடைக்கவில்லை’ என்பதே அடுத்த கட்டத்தில் ஆதாரமாகிறது. 2020-இல் டெல்லி ஐ.ஐ.டி. இயக்குநர் தலைமையிலான குழு, ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீட்டிலிருந்து ஐ.ஐ.டி.க்களுக்கு விலக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. 2019 சட்டத்திலேயே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உட்பட எட்டு நிறுவனங்களுக்கு ‘மேன்மைமிகு’ என்ற பெயரில் விலக்கு இருக்கிறது. அந்த அட்டவணையில் எங்களையும் சேருங்கள் என்பதுதான் கோரிக்கை. ஆராய்ச்சியை நடத்துகிற, வழிகாட்டுகிற உயர் பதவிகளுக்கு ஒதுக்கீட்டிலிருந்து விலக்களிக்கும் ஆணை 1975-லேயே வந்தது. நாற்பத்தைந்து ஆண்டு கழித்தும் அதே குரல். மேன்மை என்றால் நாம் இல்லாதிருப்பது என்று பொருள் கொள்கிற அகராதி இது. இந்த அகராதியின் முதல் பக்கம்தான் நான் வாசித்துக்கொண்டிருக்கும் அறிவிப்பு.

*

டெல்லியை மட்டும் திட்டிவிட்டு எழுந்துபோக எனக்கு விருப்பமில்லை. 69 விழுக்காடு நம் மாநிலத்தின் பெருமை. அதை விட்டுக்கொடுக்க முடியாது என்பதால்தான் 2020-இல் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்த ‘உயர்புகழ் நிறுவன’ தகுதி வேண்டாம் என்று மாநில அரசு சொன்னது. சரியான முடிவு. ஆனால் 2021 தொடக்கத்தில் அதே பல்கலைக்கழகத்தில் மத்திய நிதியில் நடந்த இரண்டு எம்.டெக். உயிரித் தொழில்நுட்பப் படிப்புகளுக்கு 69-ஆ 49.5-ஆ என்ற சண்டையில் என்ன ஆனது? சேர்க்கையையே நிறுத்தினார்கள். பிள்ளைகள் உயர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. சட்டியைப் பங்கு போடச் சொன்னால் சட்டியை உடைக்கிற புத்தி எல்லாப் பக்கமும் இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் திட்டப் பணியாளர் நியமனங்களிலும் எழுவாய் தோன்றா எழுவாய்தான். 69-ஐ மேடையில் முழங்குகிறவர்களை நோக்கி, அந்த ‘ஒன்று’ என்ற எண்ணைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்க வேண்டும்.

நம் இயக்கங்களையும் கேட்க வேண்டும். விடுதிச் சோறு, உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் என்று போராடி ஒரு தலைமுறையைக் கல்லூரிக்குள் தள்ளிவிட்டோம். அந்தத் தலைமுறை இன்று ஆய்வகத்தின் வாசலில் நிற்கிறது, அதற்கான கோரிக்கை நம் தீர்மானங்களில் இல்லை. நம் இலக்கியத்திலும் இல்லை. நம் தன்வரலாறுகள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தையும் விடுதியையும் கடந்து ஒரு வேலையில் போய் முடிகின்றன. நுண்ணோக்கிக்கு முன்னால் உட்கார்ந்த தலித்தின் அவமானத்தை யாரும் இன்னும் எழுதவில்லை. வேதியியல் படித்தவன் எழுதுவதில்லை. தமிழ் படித்தவனுக்கு அந்த அறைக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. எழுத்தில் வராத அவமானம் தீர்மானத்திலும் வராது. ஆய்வகங்களில் இருக்கும் தோழர்கள் எழுத வேண்டும், பெயர் போடாமலாவது.

என்ன கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓராண்டில் ஒரு நிறுவனம் எடுக்கும் போஸ்ட்டாக், திட்டப் பணியாளர் அத்தனை பேரையும் ஒரே அலகாகக் கூட்டி, அதன்மேல் சுழற்சிப் பட்டியலை ஓட்ட வேண்டும். ‘நல்கை’ என்று பெயர் வைத்தாலும் 45 நாள் ஆணை பொருந்தும் என்று அரசு தெளிவாக எழுத வேண்டும். ‘புகழ்பெற்ற’ என்ற அடைமொழியை எடுக்க வேண்டும். இல்லையென்றால் எவை அவை என்று பட்டியலை வெளியிட வேண்டும். தேர்வுக் குழுவில் எஸ்.சி., எஸ்.டி. பிரதிநிதி உட்கார வேண்டும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் பின்னால், விண்ணப்பித்தவர் எத்தனை, அழைக்கப்பட்டவர் எத்தனை, எடுக்கப்பட்டவர் எத்தனை என்று பிரிவுவாரியாக வெளியிட வேண்டும்.

கடைசிக் கோரிக்கைக்கு அரசின் தயவு வேண்டியதில்லை. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, மத்திய நிறுவனத்துக்கு விண்ணப்பக் கட்டணம் பத்து ரூபாய். சென்ற மூன்றாண்டில் எத்தனை போஸ்ட்டாக், துறைவாரியாக, பிரிவுவாரியாக? எந்த ஆணையின் கீழ் ஒதுக்கீடு பின்பற்றப்பட்டது, அல்லது பின்பற்றப்படவில்லை? இரண்டே கேள்வி. மாவட்டத்துக்கு ஒரு தோழர் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொண்டால் ஒரு வருஷத்தில் கணக்கு நம் கையில் இருக்கும். ‘அப்படித் தகவல் பராமரிக்கப்படவில்லை’ என்று பதில் வந்தால் அதையும் எடுத்து வையுங்கள். வழக்குக்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

தமிழில் வழக்கு என்றால் பேச்சு வழக்கும் உண்டு, நீதிமன்ற வழக்கும் உண்டு. தகுதி என்ற பேச்சை அவர்கள் இத்தனை காலம் நடத்திவிட்டார்கள். வேதியியல் படித்த அந்தப் பையன் போன வாரம் பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வாங்கித் தன் முதல் மனுவைத் தபாலில் அனுப்பியிருக்கிறான். மனுவின் நகல் வேண்டுபவர்கள் இதழுக்கு எழுதுங்கள். பெயரையும் நிறுவனத்தையும் மாற்றிக்கொண்டால் போதும்.